கொடிக்குள் குடியிருக்கும் பூ: பேராக் காடுகளில் ஐந்து நாள்

முதல் நாள், கோப்பேங்

கோலாலம்பூரிலிருந்து காலை ரயிலில் ஈப்போவுக்கு வந்து இறங்கியபோது அக்காள் மகன் வண்டியுடன் காத்திருந்தான். அங்கிருந்து தெற்கே அரை மணி நேரத்திற்குள் கோப்பேங் வந்துவிட்டது. வெள்ளீயச் சுரங்கங்களால் ஒரு காலத்தில் செழித்து, ஈயம் ஓய்ந்தபின் தானும் ஓய்ந்துபோன சிற்றூர் இது. இன்றிரவு இங்கே தங்கி, நாளைக் காலை மேலே உள்ள உலு கெரோ என்னும் செமாய் பூர்வக்குடிக் கிராமத்திற்குப் போகிறோம்.

முப்பது ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்த எனக்கு, ரஃப்லேசியா என்னும் பெரும் பூ ஒட்டுண்ணிகளைப் பற்றிய பாடத்தில் ஒரு படமாகவும் இரண்டு வரிகளாகவும் மட்டுமே இருந்தது. சொந்த நாட்டுக் காட்டில் பூக்கும் ஒன்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிய நான் ஒருமுறைகூட அதை நேரில் பார்த்ததில்லை என்பது, ஓய்வு பெற்ற பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. போன வாரம் உலு கெரோவிலிருந்து வழிகாட்டி ஒருவர் அழைத்து, முட்டைக்கோஸ் அளவுக்கு வளர்ந்துவிட்ட மொட்டு ஒன்றின் மேலுறைகள் கருத்துக் கழலுகின்றன என்றும், சில நாளில் அது விரியக்கூடும் என்றும் தெரிவித்தார். விரியும் என்று அவர் உறுதி கூறவில்லை. மொட்டு முதிர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பெரும்பாலான மொட்டுகள் அழுகியோ விலங்குகளால் கடிக்கப்பட்டோ வீணாகிவிடும். தப்பிப் பிழைத்து விரிந்த பூவும் ஐந்து முதல் ஏழு நாள் வரைதான் நிற்கும். இந்தக் கணக்கை அறிந்தவர்கள் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

இரவு உணவின்போது அக்காள் மகன், “மாமா, பூவைத் தவிர அந்தச் செடிக்கு உடம்பே கிடையாதாமே?” என்று கேட்டான். அப்படிச் சொல்வது வழக்கமே தவிர, அது முழுக்கச் சரியன்று. வேரும் தண்டும் இலையும் அதற்கு இல்லை. ஆனால் உடம்பு உண்டு. டெட்ராஸ்டிக்மா என்னும் காட்டுக்கொடியின் திசுக்களுக்குள் நூல்நூலாக ஓடும் உயிரணு வரிசைகளே அதன் உடம்பு. திராட்சைக்கும் நம் வீட்டுத் தொட்டியில் வளரும் பிரண்டைக்கும் உரிய குடும்பத்தைச் சேர்ந்த கொடி அது. மாமரத்தில் ஒட்டும் புல்லுருவி நீரையும் உப்பையும் மரத்திடமிருந்து உறிஞ்சிக்கொண்டாலும், பச்சை இலை வைத்துத் தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்கிறது. வேலியில் படரும் கொத்தானுக்கு இலையென்று சொல்லும்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் அதன் மஞ்சள் இழையையாவது வெளியில் காணலாம். ரஃப்லேசியாவோ அந்த இழையையும் கொடியின் பட்டைக்குள் ஒளித்துக்கொண்டது. ஆண்டின் பெரும்பகுதியில், அது இருக்கும் கொடிக்கும் இல்லாத கொடிக்கும் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இந்த ஒரு செய்தியை என் மாணவர்களுக்கு நான் போதிய அழுத்தத்தோடு சொன்னதாக நினைவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1818ஆம் ஆண்டு மே மாதம் சுமத்திராவின் பெங்கூலுப் பகுதியில் அதன் ஆளுநர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸின் குழுவோடு சென்ற மருத்துவர் ஜோசஃப் அர்னால்டிடம் ஓடிவந்து, பெரிய பூ ஒன்று இருப்பதாகச் சொல்லி அழைத்துப்போனவர் ஒரு மலாய்ப் பணியாளர். அர்னால்டின் கடிதம் அவர் பெயரைச் சொல்லவில்லை. அர்னால்டு அதே ஆண்டில் காய்ச்சலால் இறந்தார். பின்னர் இலண்டனில் ராபர்ட் பிரவுன் அந்தப் பேரினத்தை விவரித்தபோது ஆளுநர் பெயரும் மருத்துவர் பெயருமாகச் சேர்ந்து ரஃப்லேசியா அர்னால்டி ஆயிற்று. இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1797இல், பிரெஞ்சு மருத்துவர் லூயி தெஷாம் ஜாவாவில் இன்னோர் இனத்தைக் கண்டு எழுதிவைத்திருந்தார். ஊர் திரும்பும் வழியில் அவருடைய ஏடுகளை ஆங்கிலேயர் கைப்பற்றிவிட்டனர். இவர்கள் எல்லோருக்கும் முன்பே உள்ளூரில் பூவுக்குப் பெயர் இருந்தது. மலாயில் பக்மா, ஜாவாவில் பத்மா. இரண்டும் நாம் பதுமம் என்று வழங்கும் அதே சொல்தான். இந்தோனேசியர் இன்றும் பெரிய இனத்தைப் ‘பத்ம ரக்சாச’ என்கின்றனர். அரக்கத் தாமரை என்று நமக்கு மொழிபெயர்ப்பே இல்லாமல் விளங்கிவிடுகிறது.

இரண்டாம் நாள், உலு கெரோ

பார்த்துவிட்டேன். ஆனால் முதலில் ஒரு தவற்றை எழுதியாக வேண்டும்.

கிராமத்துக்குப் போகும் பாதை செங்குத்தாகவும் பல இடங்களில் பெயர்ந்தும் கிடந்ததால் எங்கள் வண்டியைக் கீழே விட்டுவிட்டு நான்கு சக்கர விசை வண்டியில் ஏறினோம். கிராமத்தில் பெயரைப் பதிந்து கட்டணம் செலுத்தியபின் வழிகாட்டி எங்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார். இருபத்தைந்து வயதிருக்கும் செமாய் இளைஞர். என்னைப் ‘பாக்சிக்’, அதாவது மலாயில் மாமா, என்றே விளித்தார். ஒரு மணி நேரம் ஏறியிருப்போம். முன்னிரவு மழையில் தரை வழுக்கியது. அட்டைகள் காலுறைக்குள் புகுந்தன. ஓரிடத்தில் பாதையைக் குறுக்கே கடந்த கொடியொன்றை மிதித்துத் தாண்டுவதற்காக அக்காள் மகன் காலைத் தூக்கியபோது, வழிகாட்டி சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். கொடியின் பட்டையில் முடிச்சுப்போல் மூன்று புடைப்புகள் இருந்தன. இரண்டு சுண்டைக்காய் அளவு. மூன்றாவது கொட்டைப்பாக்கின் அளவு, பழுப்பு நிறம். நான் அவற்றை மரக்கணு என்றே எண்ணியிருப்பேன். மூன்றும் மொட்டுகள். பூவைக் காண வரும் கால்களே பூவைக் கொல்வது எப்படி என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, எங்களைச் சரிவின் மேற்பக்கமாகச் சுற்றி நடக்கச் செய்தார், அவ்வளவுதான்.

அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில், ஓர் ஓடையை ஒட்டிய சரிவில், பூ இருந்தது. விரிந்து மூன்றாம் நாள் என்றார். இது ரஃப்லேசியா காண்ட்லெயி. தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. உலகப் புகழ்பெற்ற அர்னால்டியைப் போல ஒரு மீட்டர் அகலம் வராது. என் கைத்தடியை அருகில் வைத்துப் பார்த்ததில் குறுக்கே நாற்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. செங்கல்லைத் தூளாக்கி நீரில் குழைத்தாற்போன்ற நிறம். ஐந்து தடித்த மடல்கள். அவற்றின்மேல் வெளிறிய திட்டுகள் மருவைப்போல் மேடிட்டிருந்தன. மடல்களின் நடுவே கிண்ணம் போன்ற குழி, குழியின் வாயைப் பாதி மூடிய வளையம், உள்ளே தட்டுப்போன்ற வட்டு, வட்டின்மேல் கூம்புகூம்பாக முட்கள். விரலால் தொடக்கூடாது என்பதால் மடலின் தடிமனைக் கண்ணால்தான் அளக்க முடிந்தது. பழைய ரப்பர் செருப்பின் அடித்தோல் அளவு இருக்கும்.

பிணநாற்றம் என்று பாடநூல் சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நின்ற நிலையில் எனக்கு ஈரமண் வாசமே வந்தது. மண்டியிட்டு முகத்தைக் கிண்ணத்தருகே கொண்டுபோனபோதுதான், கூரையிடுக்கில் செத்த எலி கிடக்கும் வீட்டில் நுழைந்தது போன்ற மெல்லிய வாடை தெரிந்தது. ஈக்களுக்கு அது போதும். நீலப் பளபளப்புள்ள ஈயொன்று வளையத்தைக் கடந்து உள்ளே இறங்கி, வட்டின் விளிம்புக்கு அடியில் மறைந்தது. வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து சிறு கண்ணாடியொன்றை எடுத்து, நீண்ட குச்சியில் கட்டி விளிம்புக்குக் கீழே செலுத்தி, என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் சிறுமணிகளைக் கோத்தாற்போல் மகரந்தப் பைகள் வளையமாகத் தெரிந்தன. ஆண் பூ.

அந்தக் கண்ணாடித் துண்டில் தெரிந்ததுதான் இந்தச் செடியின் துன்பம் முழுவதும். ரஃப்லேசியாவின் மகரந்தம் தூளாக இல்லாமல் சளிபோன்ற குழம்பாக இருக்கிறது. வட்டுக்கு அடியில் நுழையும் ஈயின் முதுகில் அது பூசப்படுகிறது. அந்த ஈ, அதே நாட்களில் பறந்து சென்றடையும் தொலைவில் விரிந்திருக்கும் ஒரு பெண் பூவுக்குள் நுழைந்தால்தான் காய் உண்டாகும். ஈக்குக் கூலியாகத் தேனும் இல்லை, முட்டையிட உண்மையான இறைச்சியும் இல்லை. மொட்டுகளில் பெரும்பாலானவை அழியும், ஆண் பூக்களே பல இடங்களில் மிகுதியாகப் பதிவாகியுள்ளன, ஒவ்வொரு பூவும் ஒரு வாரமே நிற்கும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வாரத்தில் அருகருகே ஆணும் பெண்ணும் பூப்பது எவ்வளவு அரிது என்பது விளங்கும். காட்டின் ஒரு மூலையில் இரண்டு மொட்டுகளை யாரேனும் அறுத்துப்போனாலே அந்த ஆண்டுக் காய் இல்லாமற்போகலாம். இந்தச் சரிவில் பெண் பூ கடைசியாக விரிந்தது நான்கு மாதங்களுக்கு முன்பு என்றார் வழிகாட்டி.

மொட்டுகளை அறுத்துப்போவது கற்பனையன்று. நம்மவர்கள் பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து கொடுப்பதைப் போல, மலாய், பூர்வக்குடி வைத்தியத்தில் உலர்ந்த பக்மா மொட்டு பேறுகால மருந்தாக நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. உலு கெரோவிலும் ஒரு காலத்தில் மக்கள் மொட்டுகளைப் பறித்து வெளி வணிகர்களுக்கு விற்றார்கள். ராஜா புரூக் பட்டாம்பூச்சிகளையும் பிடித்து விற்றார்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு கிராமத்தாரே ஒரு வழிகாட்டிக் குழுவை அமைத்துக்கொண்டபின், அறுத்து ஒருமுறை விற்பதைவிட விட்டுவைத்துப் பலமுறை காட்டுவது வருவாய் தந்தது. என் பணத்தாள்கள் எங்கே போகின்றன என்பதை இத்தனை நேராக நான் எந்தச் சுற்றுலாவிலும் கண்டதில்லை.

இறங்கும் வழியில் கந்தக வாடை வீசும் ஊற்றுக் கசிவில் அந்தப் பட்டாம்பூச்சிகளும் கிடைத்தன. கருஞ்சிறகில் மின்னும் பச்சை முக்கோணங்களோடு ஆண் பூச்சிகள் சேற்றில் அமர்ந்து உப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றின் புழுக்கள் தின்பதும் ஒரு கொடியைத்தான். ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் சேர்ந்த பேரினத்துக் கொடி.

மூன்றாம் நாள், கிரிக் வழியாகப் பண்டிங்

இன்று பெரும்பாலும் சாலை. கோலகங்சார், லெங்கோங், கிரிக் என்று வடக்கே ஏறி, மாலையில் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் உள்ள பண்டிங் தீவை அடைந்தோம்.

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். பிரியும்போது வழிகாட்டி, தம் மக்களைக் காட்டிலும் கீழே உள்ள பழத்தோட்டங்களை எண்ணித்தான் அஞ்சுவதாகச் சொன்னார். டுரியான் மரத்தடியைத் துப்புரவு செய்பவர் முதலில் வெட்டுவது கொடிகளைத்தான். அவற்றில் எது டெட்ராஸ்டிக்மா, எதற்குள் பக்மா இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. காட்டில் மரம் வெட்டுவதற்கு முன் கொடிகளை அறுத்துவிடுவதும் தொழில்முறையில் பழைய வழக்கம். அவ்வாறு வெட்டப்படும் கொடியோடு பல ஆண்டு உள்ளே வாழ்ந்த ஒட்டுண்ணியும், அது இருந்ததாக யாருக்கும் தெரியாமலே, போய்விடுகிறது. பூத்த பூவை அறுத்தால் பார்த்தவர் வருந்துவார்; பூக்காத கொடியை வெட்டினால் வருந்துவதற்கு ஆளில்லை.

சட்டமும் இதே குருட்டுத்தனத்தோடு இருப்பதாக வழிநெடுக அக்காள் மகனோடு வாதிட்டுக்கொண்டு வந்தேன். உலு கெரோவில் கண்ட பட்டாம்பூச்சியைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியல் காக்கிறது. அதே மலையின் பூ அப்பட்டியல்களில் இல்லை. 2010ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளுக்கானது. நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால், ஒரு கொடியின் தலைவிதி அது எந்த மாநிலத்தில், எந்த வகைக் காட்டில், யாருடைய நிலத்தில் படர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. “அப்படியானால் நாற்றங்காலில் வளர்த்துவிட வேண்டியதுதானே?” என்றான் அவன். இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் அதைத்தான் செய்கிறார்கள். ஒட்டுண்ணி ஏறிய கொடித்தண்டை, ஏறாத கொடியின் அடித்தண்டோடு ஒட்டுக்கட்டி, 2010இல் ரஃப்லேசியா பத்மாவை அங்கே பூக்கவைத்தார்கள். விதையிலிருந்து வளர்ப்பதோ மிகக் கடினம். தூசி போன்ற அந்த விதை கொடிக்குள் எப்படிப் புகுகிறது என்பதைக் காட்டில் எவரும் கண்ணால் கண்டதில்லை. சபா மாநிலத்தில் போரிங் என்னும் இடத்தருகே மரமூஞ்சூறும் அணிலும் காயைத் தின்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்; விதையில் எறும்பைக் கவரும் கொழுப்புத் திசு இருப்பதைப் பிலிப்பீன்ஸ் ஆய்வு காட்டியது. அதற்கு மேல் ஊகந்தான்.

நான்காம் நாள், ரோயல் பெலும்

காலை எட்டு மணிக்குப் படகில் ஏறினோம். தெமெங்கோர் அணையால் உண்டான ஏரி இது. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நீருக்கு மேலே விரல்களைப்போல் நிற்கின்றன. வடக்கே தாய்லாந்து எல்லை வரை பரந்த 1,17,500 எக்டர் நிலப்பரப்பை 2007இல் பேராக் அரசு ரோயல் பெலும் மாநிலப் பூங்காவாக அறிவித்தது. நுழைவதற்கு முன்னரே அனுமதி பெற வேண்டும். நெடுஞ்சாலைக்குத் தெற்கே உள்ள தெமெங்கோர்க் காட்டில் மரம் வெட்டப்படுகிறது. இருவாச்சிப் பறவைகளுக்கு இந்தக் கோடு தெரியாது. பறக்க முடியாத, நகர முடியாத கொடிக்கு அந்தக் கோடுதான் எல்லாம்.

பெலுமில் ரஃப்லேசியா காண்ட்லெயியும் கெர்ரியும் இருக்கின்றன. 2003இல் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்டு, பேராக் சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரைப் பெற்ற ரஃப்லேசியா அஸ்லானியும் இங்கேதான் கண்டறியப்பட்டது. மடல்களின் வெளிறிய திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து பரவியிருப்பது அதன் அடையாளம். அதைக் காணும் ஆசையோடுதான் வந்தேன். படகிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தபின் படகோட்டி எங்களுக்குக் காட்டியது கருத்துச் சுருங்கிய ஒரு மொட்டு. முன்பு வந்தபோது தேங்காயளவு இருந்ததாம். குச்சியால் மெல்ல ஒதுக்கியபோது அடுக்கடுக்கான உறைகள் ஈரக் காகிதம்போல் பிரிந்தன. உள்ளே உருவாகிக்கொண்டிருந்த மடல்கள் பழுப்புக் கூழாகியிருந்தன. வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. கடித்த அடையாளம் இல்லை, வெட்டிய அடையாளமும் இல்லை. அரசு காக்கும் காட்டின் நடுவே, மனிதக் கை படாமல், தானாக அழிந்த மொட்டு. எந்த இனமென்று சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அக்காள் மகன் ஏமாந்துபோனான். எனக்கு ஏமாற்றத்தைவிட இன்னொன்று உறைத்தது. மொட்டுகள் இப்படி இழக்கப்படுவது இந்தச் செடிக்குப் புதிதன்று. கொடிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் பத்தில் எட்டு மொட்டு போனாலும் மிச்சம் தாங்கும். கொடிகள் இரண்டோ மூன்றோ என்று ஆகிவிட்ட துண்டுக் காட்டில் அதே இழப்பு இறுதியாகிவிடும். 2023இல் ஆக்ஸ்ஃபர்டு தாவரவியல் பூங்காவின் கிறிஸ் தொரகுட்டும் தென்கிழக்காசிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அப்போது அறியப்பட்ட 42 இனங்களையும் மதிப்பிட்டு, 25 மிக அருகிய நிலையிலும் 15 அருகிய நிலையிலும் 2 அழிவுக்கு உள்ளாகக்கூடிய நிலையிலும் இருப்பதாகச் சொன்னது. அவை வாழும் இடங்களில் குறைந்தது 67 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே இருக்கிறது. பெலும் போன்ற இடங்கள் அந்த மீதிக்குள் அடங்குபவை. உலு கெரோ போன்ற கிராமங்களையும் தனியார் தோட்ட ஓரங்களையும் விட்டுவிட்டுப் பூங்கா எல்லைக்குள் மட்டும் இந்தப் பூவைக் காக்க நினைப்பது, கணக்குப்படியே நடவாத காரியம்.

திரும்பும் படகில், பள்ளியில் சொல்லாமல் விட்ட இன்னொன்றை அவனுக்குச் சொன்னேன். நேற்று முன்தினம் பார்த்த காண்ட்லெயியின் மரபணுக்களை 2012இல் ஆராய்ந்தவர்கள், அவற்றில் சில டசன் மரபணுக்கள் அது குடியிருக்கும் கொடியிலிருந்தே வந்து சேர்ந்தவை என்று கண்டார்கள். சோற்றை மட்டுமன்றிச் சமையல் குறிப்பையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. “அப்படியென்றால் பாதி அந்தக் கொடிதான்,” என்றான். பாதி இல்லை என்று திருத்தினேன், வாத்தியார் புத்தி.

ஐந்தாம் நாள், ஈப்போ

காலை முழுவதும் மழை. பிற்பகலில் ஈப்போ வந்து அக்காள் வீட்டில் இருக்கிறேன். மாலைக்குப் பிரண்டைத் துவையல் என்று அக்காள் சொன்னதும், தொட்டியிலிருந்த கொடியை இந்த முறை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்களில் சுருண்ட பற்றுக்கம்பி, நான்கு பட்டைத் தண்டு. இந்தக் குடும்பத்தில் பிரண்டைக்கு ரஃப்லேசியா வராது, டெட்ராஸ்டிக்மாதான் வேண்டும். டெட்ராஸ்டிக்மா நீலகிரியிலும் உண்டு, ரஃப்லேசியாதான் அங்கே இல்லை. இந்தியாவில் அதன் நெருங்கிய உறவான சப்ரியாவைப் பார்க்க அருணாசலப் பிரதேசத்தின் நம்தாபா வரை போக வேண்டும்.

ஐந்து மணிக்கு உலு கெரோ வழிகாட்டியிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. முதலாவதில் நாங்கள் மண்டியிட்டு முகர்ந்த பூ: மடல்களின் ஓரம் கருத்து உள்ளே மடியத் தொடங்கியிருக்கிறது. ஆண் பூவாகையால் அந்தக் கருமைக்குப்பின் காய் எதுவும் எஞ்சாது. இரண்டாவது படத்தில் பாதையைக் கடக்கும் அந்தக் கொடி. அக்காள் மகனின் காலணிக்குத் தப்பிய கொட்டைப்பாக்களவு மொட்டைச் சுற்றி நான்கு மூங்கில் குச்சிகள் நட்டு, சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார். சுண்டைக்காய் அளவில் இருந்த இரண்டில் ஒன்றைக் காணவில்லை. பெரியது தங்கினால் அடுத்த பிப்ரவரி அளவில் அழைப்பதாக எழுதியிருக்கிறார்.